ஆறாவது வாரம் ஓடிய முதல் படம்

அன்புள்ள சாமுவேல்,

இரண்டு வாசிப்புகளைக் கேட்டால், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று வெறும் காதை வைத்தே சொல்லிவிட முடியுமா என்று நீ ஒருமுறை என்னைக் கேட்டாய். உனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் படம் பார்த்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் போகும் சரக்கு வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்துகொண்டிருந்தது. "முடியாதுப்பா. வருஷம் தெரிஞ்சாத்தான் வரிசை தெரியும்" என்று நான் சொன்னேன். அந்தப் பதில் தவறு என்பதை ஒரு மாதத்திற்குள் நீயே உன் காதால் தெரிந்துகொண்டாய். ஆனால் அதைச் சொன்னபோது நான் எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்கு இன்றுவரை தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து உன் மாமனார் வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள் அல்லவா? நீ அந்த ஜாஸ் படக் கதையை அவர்களுக்குச் சொன்னாய். எப்போதும்போல நன்றாகச் சொன்னாய். உன் மாமனார் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். கடைசியில், "ஊர் முன்னாடி நின்னு தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க எங்கம்மா. அடுத்த திங்கட்கிழமை புதுசா வேலைக்குச் சேர்ற காலேஜ்ல என் முதல் வகுப்புல இந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்" என்றாய். எஸ்தர் என்னைப் பெருமையோடு ஏறிட்டுப் பார்த்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத மருமகள் மாமியாரை அப்படிப் பார்ப்பது பெரிய விஷயம். நான் அப்பளம் எடுத்து வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய், தேவைக்கு அதிகமான நேரம் அங்கேயே நின்றேன். நீ சொல்லும் கதையில் ஒரு துண்டு இல்லை. அந்தத் துண்டு இல்லாமல் அறுபது பிள்ளைகள் முன்னால் அது போகக் கூடாது.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்து வரும், பொறுத்துக்கொள்.

பட்டணத்தில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் நூலகம் பள்ளிகளுக்குப் படச்சுருள்களை இலவசமாகக் கொடுத்து வந்தது. நான் எகிப்தைப் பற்றிய படம் கேட்டு எழுதியிருந்தேன். எகிப்து வேறொரு பள்ளிக்குப் போய்விட்டது. அலமாரியில் இருந்தது அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையின் வரலாறு, ஆறு பகுதிகள். எங்கள் தலைமையாசிரியை இலவசமாக வருவதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லாதவர். "மேடம், ஜாஸ்னா என்னன்னே எனக்குத் தெரியாதே" என்றேன். "பேர்லயே ஹிஸ்டரின்னு போட்டிருக்கு. நீங்க ஹிஸ்டரி டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுடுங்க, ஊர்க்காரங்களும் வரட்டும். நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லிடுங்க" என்றார். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது.

ஆறு வட்டமான தகர டப்பாக்கள் ஒரு மரப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்தன. மூடிகளில் அந்தந்தப் பகுதியின் பெயர் மட்டும் இருந்தது, எண் இல்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். கட்டு எதுவானாலும் மேலே இருப்பதைத்தான் கை முதலில் எடுக்கும். முதல் சனிக்கிழமை மேலே இருந்த டப்பாவை எடுத்துப் புரொஜெக்டர் ஓட்டும் தனபாலிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அதற்கு அடுத்தது. பெட்டிக்குள் அடுக்கியவர் முதல் பகுதியை முதலில், அதாவது அடியில், வைத்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வாரம் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். புகை மண்டிய சிறிய அறை, கறுப்புக் கண்ணாடி அணிந்த நாலைந்து பேர், யாரையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர் விருந்தாளியாக வந்து டிரம்பெட் ஊதிவிட்டுப் போகிறார். நீ என் காதோரம் "இவங்க எதையும் பார்த்து வாசிக்கலையேம்மா, நோட்டே இல்லையே" என்றாய். நம் கோயில் பாடகர் குழுவில் தாள் இல்லாமல் வாயைத் திறக்காதவர்கள் நாம். உனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. எனக்கும்தான். மறுவாரம் இன்னும் வேகமான வாசிப்பு, அதுவும் சின்னக் குழு. மூன்றாம் வாரம் பதினான்கு பேர் கோட்டு சூட்டோடு வரிசையாக உட்கார்ந்து வாசிக்க, பெரிய கூடத்தில் ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். இதற்குள் என் மனத்தில் ஒரு பாடமே தயாராகிவிட்டது. எந்தப் பேரரசைப் பற்றி நடத்தினாலும் தோற்றம், வளர்ச்சி, வீழ்ச்சி என்று மூன்று தலைப்புப் போட்டே பழகியவள் அல்லவா? "சிறிய அறையில் நாலு பேரோடு தோன்றிய இசை, இப்போது பதினான்கு பேராக வளர்ந்திருக்கிறது பாருங்கள்" என்று கூட்டத்துக்குச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து மைக்கேல் எழுந்தார். மார்க்கெட் தெருப் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதுவானாலும் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக முன்னால் நடப்பாரே, அவர். பள்ளி வாசலில் ஒட்டிய விளம்பரத் தாளில் எங்கள் டிராயிங் டீச்சர் ஒரு கிளாரினெட் வரைந்திருந்தார், அதைப் பார்த்துவிட்டு முதல் வாரமே வந்து, "டீச்சர், படத்துல மெய்யாலுமே இது வருதா, இல்ல சும்மா வரஞ்சதா?" என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தவர். அதுவரை வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்திருந்தார்.

"டீச்சர், படம் தலகீழா வந்துகினு கீது" என்றார்.

"என்ன மைக்கேல்?"

"மொத வாரம் நரச்ச தலயோட ஒருத்தர் ஊதினாரே, அவருதான் இவரு. அந்தா, ரெண்டாவது வரிசைல ஓரமா. இன்னும் மீசயே சரியா மொளைக்கல. மனுசன் கெழவனா இருந்துட்டு அப்பால வாலிபன் ஆவானா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "அது இவரோட அப்பாவா இருக்கும்" என்றேன். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

"மூஞ்சிய விடுங்க டீச்சர். ஊதறத கேளுங்க. அதே ஆளு ஊதற வழிதான். ஆனா இங்க இன்னும் பழகாத ஊதல். அந்தக் கெழவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சுது. இவனுக்கு இன்னும் தெரியல."

அதற்கு நான் சொன்னதை நீ உன் கதையில் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்கிறாய். நான் சொன்னது இதுதான்: "மைக்கேல், நீங்க கல்யாணத்துலயும் சாவுலயும் ஊதறது வேற. இது வரலாறு. உட்காருங்க." அவர் உட்காரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, "சரி டீச்சர், வரலாறு உங்க பாடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிவப்புக் கோட்டு போட்டுத் தெருவில் ஊதுகிறவர், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கும் டீச்சரைத் திருத்துவதா என்ற எண்ணம் என் குரலில் இருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதைவிட மோசம்.

இனி நீ அறியாத துண்டு. அந்தப் புரொஜெக்டரின் ஒலிப்பெட்டி கரகரவென்று இரையும். மேலே மின்விசிறிச் சத்தம் வேறு. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குக்கூடப் படத்துக்கு விளக்கம் பேசியவனின் உச்சரிப்பு எட்டவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. இரண்டாம் வாரப் படத்தில் "இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு" என்று அவன் சொன்னான். மூன்றாம் வாரத்தில், மைக்கேல் எழுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, ஓர் ஆண்டைச் சொன்னான். அது போருக்குப் பல வருடம் முந்தைய ஆண்டு. என் காதில் விழுந்தது, சாமுவேல். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னபோது ஆண்டை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். ஆகவே மைக்கேல் எழுந்து நின்றபோது, அவர் சொல்வது சரி என்று அந்தக் கூடத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் நான். அவரை உட்காரச் சொன்னதும் நான்தான்.

அன்று மாலைதான் நீ ரயில்வே கேட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டாய். மைக்கேல் சொன்னதை நீ ஒருவன்தான் யோசித்துப் பார்த்திருக்கிறாய். "வருஷம் தெரிஞ்சாத்தான் வரிசை தெரியும்" என்று நான் பதில் சொல்கிறேன். ஆண்டை விழுங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. இரண்டு வாரம் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம். இன்னும் மூன்று டப்பாதானே, முடிந்துவிடும் என்ற கணக்கு. ஒரு உதாரணம் சொல்கிறேன்: கரும்பலகையில் கணக்குப் போடும்போது நடுவில் தப்பு தெரிந்துவிடும்; அழித்துவிட்டு மேலிருந்து போடலாம், அல்லது கடைசி வரியில் விடை சரியாக வருவதுபோல் எதையாவது மாற்றி எழுதிவிட்டு மணி அடிப்பதற்காகக் காத்திருக்கலாம். நான் மணிக்காகக் காத்திருந்தேன். நான்காம் வாரம் வடக்கே ஒரு பெரிய நகரம், இசைத்தட்டுகள். ஐந்தாம் வாரம் ஆற்றில் போகும் படகுகளில் வாசிப்பு. அவன் ஆண்டு சொன்ன இடத்தில் எல்லாம் நான் இருமினேன், அல்லது முன்வரிசைப் பிள்ளைகளிடம் சத்தம் போடாதீங்க என்றேன். கடைசி பெஞ்சில் மைக்கேல் இடம் காலியாகவே இருந்தது.

ஆறாம் சனிக்கிழமை நடந்தது உன் கதையில் சரியாகவே இருக்கிறது. கடைசி டப்பாவை நீதான் பெட்டியிலிருந்து தூக்கினாய். அடியில் தட்டச்சு செய்த ஒரு தாள், ஆறு பெயர்களும் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு. "அம்மா, இந்த டப்பாவுக்கு நேரா ஒண்ணுன்னு போட்டிருக்கும்மா!" என்று நீ கத்தினாய். தனபால் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட கடவுளே, கடைசி ஸ்டேஷன்ல ஏறி பின்னாடியே வந்துகினு இருந்திருக்கோமே டீச்சர்!" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் முன்னால் போய் நின்று, தவறு நடந்துவிட்டது, வரிசை தெரியாமல் போட்டுவிட்டேன், மைக்கேல் சொன்னதே சரி, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். தலைமையாசிரியை திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் என்னை உதாரணமாகக் காட்டிப் பேசினார். அந்தக் கைதட்டலில் பாதி நியாயமானது. டப்பா மேலிருந்து எடுத்தது தெரியாமல் செய்த தவறுதான். மீதிப் பாதியைத்தான் இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் உன்னையும் கூட்டிக்கொண்டு மைக்கேல் வீட்டுக்குப் போனேன். "இன்னா டீச்சர், வூடு தேடி வந்துட்டீங்க?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நீ வாசலில் உட்கார்ந்து, அவர் மகள் காட்டிய பழைய வாத்தியத்தின் சாவிகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான், "நீங்க சொன்னதுதான் சரி மைக்கேல். எனக்குத் தெரியாம போச்சு" என்றேன். அவர் உன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியாமயா டீச்சர்?"

நான் புடவைத் தலைப்பை எடுத்துச் செருகிக்கொண்டேன்.

"எனக்கு இங்லீஷ் வராது. ஆனா நம்பர் வரும். பேண்டு புக் பண்றவங்க தேதி எல்லாம் இங்லீஷ்லதானே சொல்றாங்க? பொட்டில அவன் நைன்டீன் தர்ட்டி இன்னாவோ சொன்னான். நீங்க அத்த சொல்லல. சரி, சொல்வாங்கன்னு பாத்தேன். சொல்லல. அப்பாலதான் எழுந்தேன்."

கடைசி பெஞ்சு வரைக்கும் அது கேட்டிருக்கிறது. அந்தக் கூடத்தில் கேட்கத் தெரிந்த காது அது ஒன்றுதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் முகம் என்ன ஆயிற்றோ, அவர் சட்டென்று எழுந்து உள்ளே பார்த்து, "டீச்சருக்கு ஒரு காபி போடு" என்று குரல் கொடுத்தார். பிறகு இன்னும் மெதுவாக, "பையன் காதுல உழ வேணாம். அவன் உங்கள பாக்கற பார்வ நல்லா கீது" என்றார்.

நூலகத்தில் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கினோம். ஏழாம் சனிக்கிழமை முதல் பகுதியை மறுபடி போட்டபோது மைக்கேல் வந்தார். முடிச்சூரில் ஒரு சாவுக்கு வாசித்துவிட்டு நேராக வந்ததால் சிவப்புக் கோட்டோடேயே வந்தார். திரையில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு சவப்பெட்டிக்குப் பின்னால் மெதுவாக வாசித்துக்கொண்டு போகிறார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே ஆட்கள் துள்ளலாக ஊதிக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தாள் கிடைக்காமல் போயிருந்தால், இதைத் தேய்ந்து தெருவுக்கு வந்துவிட்ட இசை என்று சொல்லியிருப்பேன். மைக்கேல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இதுல இன்னா அதிசயம்? நாங்க இப்ப அங்கேர்ந்துதான் வர்றோம்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

பிறகு உன்னை எழுப்பி நிறுத்தினார். "தம்பி, ஒரு பாட்ட ரெண்டு தபா வாசிப்பேன். ஒண்ணு எங்க வாத்தியார் வாசிச்சது. ஒண்ணு நான் வாசிக்கறது. எது மொதல்லன்னு சொல்லு." அடக்கத்துக்கு வாசிக்கும் ஒரு கீர்த்தனையை வாசித்தார். மறுமுறை அதையே வாசித்தபோது சில இடங்களில் சுரத்தைப் பிடித்து இழுத்தார், சில இடங்களை வாசிக்காமலே விட்டுவிட்டார். ஆனாலும் விட்டது நம் காதில் கேட்டது. "முதல்ல வாசிச்சதுதான் வாத்தியாரோடது" என்றாய். "எப்படித் தெரிஞ்சுது?" என்றார். நீ திணறினாய். அவர் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. கடைசியில் நீ, "ரெண்டாவதுல விட்டதெல்லாம் முதல்ல இருந்துச்சு. அது தெரியாதவர் அதை விட முடியாது" என்றாய். மைக்கேலுக்கு அவ்வளவு சந்தோஷம். "மொதல்ல வர்றவன் வழி போட்டுகினு போவான். பின்னாடி வர்றவனுக்கு வழி தெரியும், அதனால வெளாடுவான். அவ்ளோதான் வரலாறு, இன்னா டீச்சர்?" என்றார். முப்பது வருடம் நடத்திய பாடத்தை நான் அத்தனை நன்றாக ஒருநாளும் சொன்னதில்லை.

இதை எழுதுவதற்கு முன் நேற்று அவரைப் போய்ப் பார்த்தேன். உன் கல்யாணத்தில் முன்னால் நடந்து வாசித்தவருக்கு இப்போது மூச்சு கொஞ்சம் குறைவு, வாய் குறையவில்லை. உன்னிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "அத்த இன்னமுமா வெச்சினு கீறீங்க? நான் அன்னிக்கே வுட்டேன்" என்றார். "திங்கட்கிழமை பிள்ளைங்ககிட்ட சொல்லப் போறானாம் மைக்கேல்" என்றேன். "அப்ப சொல்லிடுங்க. பாதிப் பாட்ட சொல்லிக் குடுத்தா, பசங்க அதான் முழுசுன்னு நெனச்சுக்கும்" என்றார். வாசல்வரை வந்து, "நல்லா ஊதியிருப்பான் அவன். வாத்தியார் வேலைக்குப் பூட்டான்" என்று உன்மேல் ஒரு குறையும் சொன்னார்.

நாளை மாலை நீயும் எஸ்தரும் தாம்பரத்தில் வண்டி ஏறுகிறீர்கள். இதை உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேல் வைக்கிறேன்; அடியில் வைத்த தாள் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எஸ்தரிடமும் படிக்கக் கொடு. அவள் பார்வை கொஞ்சம் மாறினால் மாறட்டும்; இங்கே பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன். கதையைப் பிள்ளைகளிடம் சொல்வதானால் அந்த விழுங்கிய ஆண்டோடு சேர்த்துச் சொல். சொல்ல மனம் வராவிட்டால் எகிப்தைப் பற்றிப் பேசு.

இன்னொன்று. என்றாவது ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, நீங்க சொல்றது தலைகீழா இருக்கு சார் என்பான். அவன் சொல்வது சரி என்று உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அப்போது கையில் இருக்கும் சாக்பீஸை மேசைமேல் வை. "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேள். அவன் சொல்லி முடிக்கும்வரை அதைத் திரும்ப எடுக்காதே.

அன்புடன்,
அம்மா